பறவையின் நிழலைப் பறிக்க வேண்டாம்



மாசி பிறந்துவிட்டால் நம் தென்மாவட்டங்களின் காலைப் பொழுதுக்கு ஒரு தனி அழகு வந்துவிடுகிறது. மார்கழிக் குளிர் விலகியிருக்கும். பங்குனி வெயில் இன்னும் தலைகாட்டியிராது. வடகிழக்குப் பருவமழை நிரப்பிச் சென்ற குளங்களில் தண்ணீர் மெல்ல உள்வாங்கத் தொடங்கியிருக்கும். இந்த வாரங்களில்தான் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சுகளுக்கு இரை தேடிப் பறக்கின்றன. வடதிசையிலிருந்து வந்து குளிர்காலத்தை இங்கே கழித்த பறவைகளோ வயிறார உண்டு, உடலில் வலுச் சேர்த்துக்கொண்டு, தாயகம் திரும்ப ஆயத்தமாகின்றன. குடியிருப்போரும் பயணியரும் ஒருசேரத் தங்கியிருக்கும் சத்திரம்போல் ஒவ்வொரு குளமும் நிறைந்திருக்கும் காலம் இது.

அண்மைக் காலமாக நம் சமுதாயக் குடும்பங்களிடையே ஒரு நல்ல மாற்றத்தைக் காண்கிறோம். விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கடைத்தெருவுக்கும் உணவகத்துக்கும் அழைத்துச் சென்றவர்கள், இப்பொழுது ஸுப்ஹு தொழுகையை முடித்த கையோடு குளக்கரைக்கும் அழைத்துச் செல்கிறார்கள். இளைஞர்கள் சேமித்த பணத்தில் பெரிய லென்ஸுடன் கேமரா வாங்குகிறார்கள். எடுத்த படங்களைக் குடும்பக் குழுக்களில் பகிர்ந்து மாஷா அல்லாஹ் என்று மகிழ்கிறார்கள். இம்மாற்றத்தை நாம் மனமார வரவேற்கிறோம். வரவேற்பதாலேயே, இதில் நுழைந்துவிட்ட ஒரு தவற்றைப் பற்றிப் பேச வேண்டிய கடமையும் நமக்கு இருக்கிறது. அத்தவற்றைச் செய்தவர்களில் நாமும் அடக்கம்.

கூந்தன்குளத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி வட்டத்திலுள்ள இச்சிற்றூர் 1994ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேலப்பாளையத்திலிருந்தோ ஏர்வாடியிலிருந்தோ புறப்படும் குடும்பம் ஒன்று, சூரியன் சற்று மேலேறுவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். குளத்தின் கருவேல மரங்களில் மட்டுமல்லாமல், ஊருக்குள் வீட்டு முற்றத்துப் புளியிலும் வேம்பிலும்கூட மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டுகின்றன. கூரைக்கு மேல் எச்சம் விழும்; மீன் நாற்றம் வீசும்; விடியலுக்கு முன்பே குஞ்சுகளின் இரைச்சல் எழுப்பிவிடும். அவ்வூர் மக்கள் இவை அனைத்தையும் பொறுத்துக்கொள்கிறார்கள். பறவைகள் வெருளக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையும் தவிர்த்து வருகிறார்கள். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளுக்கு மீன் கொடுத்து வளர்த்து விட்ட மனிதர்களையும் அவ்வூர் கண்டிருக்கிறது. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் அவர்களுடைய வயலுக்கு உரமாகிறது. ஒருவரையொருவர் தாங்கி வாழும் இந்த ஏற்பாட்டைப் படித்தவர் எவரும் வந்து அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

அதே குளத்தில் வரித்தலை வாத்துகளும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மத்திய ஆசியாவின் பீடபூமிகளில் குஞ்சு பொரிப்பவை அவை. இமயமலையைக் கடந்து வந்து, கடந்தே திரும்பிச் செல்பவை. மலையைக் கடக்கையில் அவை 7,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் பறந்ததை, அவற்றின் உடலில் பொருத்திய கருவிகள் பதிவு செய்துள்ளன. மனிதன் மூச்சுத் திணறும் அந்த உயரத்தில் சிறகடிக்கும் ஓர் உயிர், நம் ஊர்க் குளத்தில் ஆடுமாடுகளுக்கு அருகே புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. பார்க்கத் தெரிந்தவருக்கு இது எவ்வளவு பெரிய அத்தாட்சி!

பார்க்கத் தெரிய வேண்டும் என்பதைத்தான் திருமறையும் நம்மிடம் கேட்கிறது. சூரா அல்முல்க்கின் 19ஆம் வசனமும் சூரா அந்நஹ்லின் 79ஆம் வசனமும், வானவெளியில் பறவைகள் தாங்கப்பட்டிருப்பதைப் பார்க்கவில்லையா என்ற கேள்வியை நம்முன் வைக்கின்றன. பறவையினங்களும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பதை அல்அன்ஆமின் 38ஆம் வசனம் உணர்த்துகிறது. சிறகு விரித்த பறவைகளுக்கும் தமக்குரிய தொழுகையும் துதியும் உண்டு என்பதை அந்நூரின் 41ஆம் வசனம் அறிவிக்கிறது. ஆகவே, பறவை பார்ப்பது வீண்பொழுது என்று நம் பெரியவர்கள் சிலர் கடிந்துகொள்வதை நாம் மரியாதையுடன் மறுக்கிறோம். தொழுகையைத் தவறவிட்டு, வீட்டுப் பொறுப்பை ஒதுக்கிவிட்டு அலைந்தால் எந்தப் பொழுதுபோக்கும் வீணே. அவற்றைப் பேணிக்கொண்டு குளக்கரையில் அமரும் மனிதர், இறைவன் காணச் சொன்னதைத்தான் காண்கிறார்.

இனி, சென்ற ஆண்டு நமக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம்.

நான்கு குடும்பங்கள் ஒரு வேனில் சென்றிருந்தோம். கூந்தன்குளத்தில் காவல் கோபுரத்தின் மீதிருந்து பார்த்துவிட்டு, காலை பத்து மணிக்குமேல் திரும்பினோம். வழியில் வேறொரு குளம். அதன் பெயரை வேண்டுமென்றே இங்கு எழுதவில்லை. காரணம் பின்னர் விளங்கும். நீர் வற்றிய கரையோரத்தில், வெறுந்தரையில், ஆள்காட்டிப் பறவை ஒன்று அமர்ந்திருப்பதை நம் இளைஞர் ஒருவர் கண்டார். நம் பாட்டிமார் ஆக்காட்டி என்று அழைக்கும் அதே பறவை. ஆள் வருவதைக் கண்டால் ஊரையே கூட்டிவிடும் குரல் அதற்கு. நாம் நெருங்க நெருங்க அது எழுந்து, தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தத் தொடங்கியது. அது எழுந்த இடத்தில் நான்கு முட்டைகள் இருந்தன. மண்ணின் நிறம், மண்ணின் புள்ளிகள். கண் சற்றே விலகினால் மீண்டும் கண்டுபிடிக்க இயலாது.

நாம் மகிழ்ந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகளை அழைத்துக் காட்டினோம். முட்டைகளைப் படம் எடுத்தோம். பறவை திரும்பி வந்து அமர்வதையும் எடுக்க வேண்டும் என்று சற்றுத் தள்ளி நின்றோம். அது இறங்கி நாலடி நடந்து வரும். நம்மில் யாரேனும் அசைந்தால் மீண்டும் எழுந்துவிடும். இப்படியே அரைமணி நேரம் கழிந்தது. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தன் தந்தையின் சட்டையைப் பிடித்து இழுத்து, "வாப்பா, அது ஏன் நம்மள ஏசுது?" என்று கேட்டாள். பெரியவர்கள் சிரித்தோம். எவரும் பதில் சொல்லவில்லை.

படம் கிடைத்த நிறைவோடு வேனை நோக்கி நடந்தோம். வண்டி புறப்படும் முன் திரும்பிப் பார்த்தபோது, பனைமரத்தில் அதுவரை பொறுமையாகக் காத்திருந்த காகம் ஒன்று தரையில் இறங்கியிருந்தது. ஆள்காட்டிகள் இரண்டும் அதன்மீது பாய்ந்து பாய்ந்து விரட்டின. காகம் எழும்பியபோது அதன் அலகில் ஒரு முட்டை இருந்தது. அச்சிறுமியும் அதைப் பார்த்தாள். வழி நெடுக அவள் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

காகம் முட்டையைத் தின்பது இயற்கைதானே என்று எவரேனும் நம்மைத் தேற்றக்கூடும். உண்மைதான். ஆனால் அந்த முட்டைகளை மண்ணின் நிறத்தில் மறைத்து வைத்திருந்த பாதுகாப்பை உடைத்தது காகமன்று. கூடு எங்கிருக்கிறது என்பதைக் கூட்டமாக நின்று அதற்குக் காட்டிக்கொடுத்தது நாமே. இன்னொன்றையும் பின்னர்தான் கற்றுக்கொண்டோம். வெயில் ஏறிய பிறகு ஆள்காட்டி முட்டைமேல் இருப்பது அடைகாத்துச் சூடேற்றுவதற்காக மட்டுமன்று. தன் உடலால் நிழல் கொடுத்து முட்டை வெந்துபோகாமல் காப்பதற்காகவும்தான். கடும் வெயில் நாட்களில் நீரில் இறங்கி வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து அது முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு. நாம் நின்ற அரைமணி நேரமும் அந்த நான்கு முட்டைகளும் நிழலின்றிக் கிடந்தன. எஞ்சிய மூன்றும் பொரித்தனவா என்பது இறைவனுக்கே வெளிச்சம்.

அன்றிரவு நம் நினைவுக்கு வந்தது அபூதாவூதில் இடம்பெற்றுள்ள, இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி. பயணமொன்றில் நபி (ஸல்) அவர்கள் சற்று விலகிச் சென்றிருந்த வேளையில், தோழர்கள் சிறு பறவை ஒன்றின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்ப்பறவை சிறகை விரித்துப் படபடத்தது. திரும்பி வந்த நபியவர்கள், அதன் குஞ்சுகளின் பொருட்டு அதைத் துயருறச் செய்தவர் யார் என்று வினவி, குஞ்சுகளை அதனிடமே சேர்க்கும்படி பணித்தார்கள். பலமுறை கேட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்த செய்தி இது. ஆயினும் தலைக்கு மேல் ஒரு தாய்ப்பறவை கதறியபோது அது நம் காதில் விழவில்லை. காதில் விழுந்ததெல்லாம் கேமராவின் ஒலிதான்.

நாங்கள் குஞ்சை எடுக்கவில்லையே, படம்தானே எடுத்தோம் என்று உள்ளம் வாதாடும். அந்த வாதத்துக்கும் நம் மார்க்கத்தில் விடை இருக்கிறது. மக்காவின் புனித எல்லைக்குள் வேட்டைப் பிராணிகளைக் கொல்வதோடு, அவற்றை வெருட்டுவதும் தடுக்கப்பட்டிருக்கிறது. வெருட்டுதல் என்றால் என்ன என்பதற்கு இக்ரிமா (ரஹ்) அவர்கள் தந்த விளக்கம் புகாரியில் காணப்படுகிறது. நிழலில் இருக்கும் பிராணியை அங்கிருந்து அகற்றிவிட்டு, அந்த இடத்தில் மனிதர் இறங்கிக்கொள்வதே அது. இந்த விளக்கத்தைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அம்பு இல்லை, இரத்தம் இல்லை, காயமும் இல்லை. ஓர் உயிரின் நிழலை மனிதர் தம் வசதிக்காக எடுத்துக்கொள்கிறார், அவ்வளவே. அதுவும் குற்றத்தின் கணக்கில் வருகிறது.

இஹ்ராம் அணிந்தவருக்கான சட்டமும் இவ்வாறே நுட்பமானது. இஹ்ராம் அணியாத அபூகதாதா (ரலி) அவர்கள் வேட்டையாடிய காட்டுக்கழுதையை, இஹ்ராமிலிருந்த தோழர்கள் உண்ணலாமா என்ற கேள்வி எழுந்தது. உங்களில் எவரேனும் அதை வேட்டையாடும்படி ஏவினீர்களா, சுட்டிக் காட்டினீர்களா என்று நபியவர்கள் விசாரித்தார்கள். இல்லை என்று அறிந்த பின்னரே அனுமதித்தார்கள். கையால் தொடாமல், விரலால் சுட்டுவதற்கும் பொறுப்பு உண்டு என்பதே இதில் நமக்குள்ள பாடம். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு சேர்த்து ஊரறியப் பகிர்வதும் சுட்டிக் காட்டுவதுதானே? ஒருவர் பகிர்ந்தால் மறுநாள் பத்துப் பேர் அங்கே நிற்பார்கள். அந்தக் குளத்தின் பெயரை நாம் எழுதாததற்குக் காரணம் இதுதான்.

இச்சட்டங்கள் ஹரம் எல்லைக்கும் இஹ்ராம் நிலைக்கும் உரியவை; நம் ஊர்க் குளத்தை நாம் ஹரமாக்கிவிடவில்லை. ஆயினும், உலகின் மிகப் புனிதமான இடத்தில் இறைவன் நமக்குப் பயிற்றுவிக்கும் பண்பு, ஊர் திரும்பியதும் மறந்துவிடுவதற்கானதா? ஹஜ்ஜிலும் உம்ராவிலும் புறாவை வெருட்டாமல் ஒதுங்கி நடந்த கால்கள், இங்கே கூட்டை நோக்கி ஓடலாமா?

நாட்டின் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்துக்குள்ளேயே, காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் குலைப்பதைச் சேர்த்திருக்கிறது. துப்பாக்கி ஏந்தாதவரும் வேட்டைக்காரர் ஆகலாம் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

துப்பாக்கி என்றதும் சாலிம் அலி நினைவுக்கு வருகிறார். 1896இல் மும்பையில் போரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அவர், மிகச் சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். சிறுவனாக அவர் சுட்டு வீழ்த்திய குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது உண்ண ஆகுமானதுதானா என்ற ஐயத்துடன் அவர் மாமாவிடம் கொண்டு சென்றார். அந்தக் கேள்வி அவரை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. ஒரு முஸ்லிம் சிறுவனின் ஹலால் பற்றிய ஐயத்திலிருந்துதான், 1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலுக்கான பாதை தொடங்கியது. 1985இல் வெளிவந்த தன்வரலாற்றுக்கும் அந்தக் குருவியின் வீழ்ச்சியையே அவர் பெயராகச் சூட்டினார்.

அவருக்குப் பெயர் பெற்றுத் தந்த முதல் பெரும் ஆய்வு எப்படி நிகழ்ந்தது என்பது நம் இளைஞர்கள் அறிய வேண்டியது. மும்பைக்குத் தெற்கே கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில், தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிய மரத்தருகே ஏணி ஒன்றை நிறுத்தி, அதன்மேல் மறைப்புக் கட்டி, அதற்குள் அமர்ந்து நாள்தோறும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டிவிட்டுப் பெட்டைக்காகக் காத்திருப்பதும், அது ஏற்றுக்கொண்ட பின் கட்டி முடித்துவிட்டு அடுத்த கூட்டைத் தொடங்குவதும் அந்தப் பொறுமைக்குக் கிடைத்த பரிசுகள். தாம் அங்கே இருப்பதைப் பறவை மறந்துபோகும்வரை அவர் காத்திருந்தார். நாமோ அரைமணி நேரம் நின்றோம்; அந்த அரைமணி நேரமும் நாம் இருப்பதைப் பறவை ஒரு நொடியும் மறக்கவில்லை.

படமே எடுக்கக் கூடாது என்பது நம் கருத்தன்று. புகைப்படம் பற்றிய மார்க்கச் சட்ட விவாதத்துக்குள்ளும் இங்கு நாம் நுழையவில்லை. கவனமாக எடுக்கப்பட்ட ஒரு படம், பறவை இன்னதென்று உறுதி செய்யவும், ஒரு குளத்துக்கு எவை வருகின்றன என்பதைப் பதிவு செய்யவும், அக்குளத்தைக் காக்கும்படி அதிகாரிகளிடம் முறையிடவும் உதவும். நம் கவலை வேறு. கேமரா கையில் வந்ததும், வெறுங்கையோடு திரும்புவது இழிவு என்ற வேட்டைக்காரரின் மனநிலையும் கூடவே வந்துவிடுகிறது. கூட்டை மறைக்கும் இலையை ஒடிப்பதும், பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கல்லெறிந்து எழுப்புவதும், செல்பேசியில் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு இணை தேடும் பறவையை ஏமாற்றி வரவழைப்பதும் அந்த மனநிலையின் பிள்ளைகள். வடதிசைப் பயணத்துக்கு வலுச் சேர்க்கும் பறவைக்கு, வீணாக எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பே. ரமளானில் ஸஹர் உணவுக்கு அமர்ந்தவரைப் பத்துமுறை எழுப்பிவிடுவதற்கு ஒப்பானது அது.

ஆகவே, இந்த மாசி, பங்குனியில் குளக்கரைக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. நம் நான்கு குடும்பங்களும் தமக்குள் ஏற்றுக்கொண்டிருப்பதும் இதுவே. கரையை அடைந்ததும் முதல் அரைமணி நேரம் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருப்போம். ஒரே ஒரு பைனாகுலர் இருந்தாலும் முறைவைத்துப் பார்ப்போம். பிள்ளைகளிடம் ஆளுக்கொரு குறிப்பேடு கொடுப்போம். கோபுரமும் பாதையும் உள்ள இடத்தில் அவற்றை விட்டு இறங்க மாட்டோம். பறவை நம்மைப் பார்த்துத் தலையை உயர்த்தினால் அங்கேயே நின்றுவிடுவோம். குரலெழுப்பினால் வந்த வழியே பின்வாங்குவோம். கூட்டையும் முட்டையையும் சிறகு முளைக்காத குஞ்சையும் படம் எடுக்க மாட்டோம். பிறர் எடுத்ததைப் பகிரவும் மாட்டோம். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவோம். கொண்டுசென்ற தின்பண்டத்தின் ஒரு காகிதம்கூடக் கரையில் தங்காது.

இவற்றால் சில நல்ல படங்களை இழப்போம். இழந்தும் இருக்கிறோம். அண்மையில் அதே இளைஞர், கரையோரத்தில் மற்றோர் ஆள்காட்டி குரலெழுப்பக் கேட்டதும், கேமராவை எடுக்காமல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி நடந்தார். கூடு எங்கிருந்தது என்பதை நாம் அறியவில்லை. சற்றுத் தொலைவு சென்றதும் குரல் அடங்கியது. சென்ற ஆண்டு கேள்வி கேட்ட அதே சிறுமி, "இப்ப ஏசல வாப்பா" என்றாள்.

அனஸ் (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு தம்பி அபூஉமைர், தான் விளையாடி வந்த சிறு குருவியை இழந்து வாடியிருந்தபோது, அதைப் பற்றி அன்போடு விசாரித்த நபியின் உம்மத் நாம். ஒரு குழந்தையின் உள்ளமும் ஒரு குருவியின் உயிரும் அம்மாமனிதரின் கவனத்துக்குச் சிறியவையாகத் தோன்றவில்லை. நம் பிள்ளைகள் குளக்கரையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய நினைவும் அத்தகையதாகவே இருக்கட்டும்.

படைப்பினங்களைக் கண்டு படைத்தவனை அறியும் கண்களையும், அவற்றுக்குத் தீங்கிழைக்காத கால்களையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.